உட்கார்ந்து தூங்குகிறவனுக்கு ஒரு தலையணை

மனைவி இறந்த பிறகு என் மச்சான் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாமா, இந்தத் தடவ நீங்க வாங்க."

என் மனைவியும் அவனும், அக்காவும் தம்பியுமாக, வருஷம் தவறாமல் மலைக்காட்டுக்குப் போவார்கள். சாலை முடிகிற இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று நாள் நடை. வேண்டியதெல்லாம் முதுகில். இரண்டு பேர் படுக்கிற ஒரு கூடாரம். நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. திரும்பி வந்து, யாருடைய கொப்புளம் பெரியது என்று இருவரும் சண்டை போடும்போது டீ போட்டுக் கொடுப்பேன். அது என் பங்கு.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் போகாவிட்டால் அவனும் போகமாட்டான். அதற்கப்புறம் எங்கள் இருவருக்கும் நடுவில் என்ன மிச்சம் இருக்கும் என்று தெரியவில்லை. முறைக்கு மச்சான். அந்த முறையே அவள் வழியாக வந்தது.

சொன்ன பிறகுதான் கூடாரம் நினைவுக்கு வந்தது. எனக்குப் படுத்தால் தூக்கம் வராது.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு நாற்காலி. அதில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கப் பழகினேன். வீட்டுக்கு வந்த பிறகும் உடம்பு அதையே கேட்டது. படுத்தால் கொட்டக் கொட்ட விழித்திருப்பேன். சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் கண் சொக்கும். கட்டிலில் இப்போது துவைத்த துணி கிடக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. அம்மா போனில், "நல்லாத் தூங்குறியாப்பா?" என்பாள். "தூங்குறேம்மா" என்பேன். பொய்யில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாமான் வாங்க மச்சான் வேலையிலிருந்து நேராக வந்தான். லிஃப்ட் மெக்கானிக். எவ்வளவு கழுவினாலும் மணிக்கட்டில் கிரீஸ் ஒட்டியிருக்கும். நான் வேலை பார்க்கும் தண்ணீர் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்தேன். சாவி வெட்டுகிற கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே குறுகலான மாடிப்படி. ஏறினால் மலையேறுகிறவர்களுக்கான கடை. சுருட்டி மாட்டிய கயிறுகள், புது ரப்பர் வாசனை, நடுவில் தரையிலேயே விரித்துக் கட்டிய ஒரு மஞ்சள் கூடாரம். முளை அடிக்க முடியாத தரை. மூலைக்கு மூலை தண்ணீர் கேனை வைத்துக் கயிற்றைக் கட்டியிருந்தார்கள்.

கடைக்காரம்மா முட்டியில் பட்டை மாட்டியிருந்தாள்.

"என்ன பாக்குறீங்க? முட்டிய மலைக்குக் குடுத்துட்டுக் கடைக்கு வந்தவ நான். சொல்லுங்க, என்ன வேணும்?"

"மாமாவுக்கு ஒரு தலையணை" என்றான் மச்சான்.

"மொதத் தடவையா?"

"ஆமா. சோபாவுல ஏறி உக்காந்தாலே மூச்சு வாங்குவாரு."

அவள் நான்கை எடுத்து மேசையில் வரிசையாகப் போட்டாள்.

"இது காத்து. மடிச்சா கைக்குள்ள அடங்கும். ஆனா முழுசா ஊதாதீங்க, பந்து மேல தலைய வச்ச மாதிரி ஆயிடும். முக்காவாசி ஊதி, தலைய வச்சுக்கிட்டுக் கொஞ்சம் காத்த எறக்கிவிடணும். இது ஃபோம். சொகம்தான், ஆனா பைல பாதி எடத்த முழுங்கிடும். இதுல உள்ள காத்து, மேல ஃபோம். ரெண்டுங்கெட்டான்னு சொல்லுவாங்க, எனக்குப் பிடிக்கும். இது வெறும் உறை. உங்க ஜாக்கெட்டையே உள்ள திணிச்சுக்கலாம்."

"அக்காவுக்கு உறைகூட வேணாம். ஜாக்கெட்ட அப்படியே சுருட்டி வச்சுக்குவா" என்றான் மச்சான். "காசு குடுத்துக் காத்த வாங்கியிருக்கியேடான்னு என் மானத்த வாங்குவா."

நான் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். மறுபடி முதலிலிருந்து அழுத்தினேன்.

"என்ன மாமா, பொண்ணு பாக்க வந்த மாதிரி இவ்ளோ யோசிக்கிறீங்க."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். பக்கத்தில் தொங்கிய ஒரு கொக்கியை எடுத்துத் திறந்து மூடினான். திறந்து மூடினான்.

"பரவால்ல" என்றேன்.

கடைக்காரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தொழில் குரலில் கேட்டாள். "எப்படிப் படுப்பீங்க? மல்லாக்கவா, ஒருக்களிச்சா, குப்புறவா? மல்லாக்கன்னா தாழ்வா இருக்கணும். ஒருக்களிச்சா தோள் ஒசரத்துக்கு வேணும்."

"மல்லாக்க."

"சும்மா சொல்றாரு. ஒருக்களிச்சுத்தான் படுப்பாரு. போர்வை மொத்தத்தையும் உருட்டி இவரே எடுத்துக்குவாரு. பொயலடிச்ச கொட்டகையில படுத்தவ மாதிரி ராத்திரியெல்லாம் நடுங்கணும்னு அக்கா சொல்லுவா."

நான் திரும்பினேன். "வேற என்ன சொன்னா?"

"எதப் பத்தி?"

"நான் தூங்குறதப் பத்தி."

அவன் கொக்கியைப் பழைய இடத்தில் மாட்டினான். "தூக்கத்துல சிரிப்பீங்களாம். சத்தமா இல்ல. யாரோ காதுல ரகசியம் சொன்ன மாதிரி. என்னன்னு எழுப்பிக் கேட்டா 'ஒண்ணுமில்ல'ன்னுட்டுத் திரும்பிப் படுத்துக்குவீங்களாம். கூடாரத்துல இதே பேச்சுதான் மாமா. எனக்குத் தூக்கம் சொக்கும். விடமாட்டா."

எனக்குத் தெரியாது. அவள் என்னிடம் சொன்னதே இல்லை. இப்போதும் சிரிக்கிறேனா என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.

"உள்ள போய்ப் படுத்துப் பாருங்க. தலையணைய கையால பாத்து வாங்கக் கூடாது" என்றாள் கடைக்காரம்மா.

தவழ்ந்து உள்ளே போனோம். எல்லாம் மஞ்சளாக இருந்தது, என் கை உட்பட. மச்சான் வலது பக்கம் மல்லாந்தான். இடது பக்கம் எனக்கு. ஒருக்களித்து, அந்த ரெண்டுங்கெட்டான் தலையணையில் கன்னத்தை வைத்தேன். கண் முன்னால் ஒரு தையல் கோடு. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமான விழிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

"எப்படி இருக்கு மாமா?"

"நல்லாருக்கு."

"அப்ப இதயே எடுத்துக்கலாமா?"

"சரி."

வாசல் திரையை விலக்கிக் கடைக்காரம்மா எட்டிப் பார்த்தாள். "சார், நீங்க தலைய வைக்கவே இல்லையே. கழுத்தால தூக்கிப் புடிச்சிருக்கீங்க. தலையணை அமுங்கவே இல்ல பாருங்க."

பார்த்தேன். அமுங்கவில்லை. கழுத்து நரம்பு விண்ணென்று தெறித்தது. இத்தனை நாளும் இப்படித்தான் படுத்துப் பார்த்தேனோ என்னவோ.

எழுந்து உட்கார்ந்தேன். கூடாரத் துணியைப் பார்த்துச் சொன்னேன்.

"நான் உக்காந்துதான் தூங்குவேன்."

கடைக்காரம்மாதான் கேட்டாள், அது நான்காவது வகை என்பதுபோல. "எதுல சாஞ்சு?"

"சுவத்துல."

"காட்டுல சுவத்துக்கு எங்க போறது" என்று முணுமுணுத்துக்கொண்டே எதையோ எடுக்கப் போனாள்.

"எப்ப இருந்து?" என்றான் மச்சான்.

"ஆஸ்பத்திரில இருந்து."

"வீட்டுல கட்டில் இருக்குல்ல?"

"துணி போட்டு வச்சிருக்கேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல மாமா."

"வராம இருக்க சாக்குச் சொல்றேன்னு நினைப்ப."

யோசித்தான். "நினைச்சிருப்பேன்" என்றான்.

கடைக்காரம்மா இரண்டு முதுகுப் பைகளைப் புடைக்கத் திணித்து இழுத்து வந்தாள். ஒன்றோடொன்று கட்டி நிறுத்தினோம். சாய்ந்தேன். பைகள் சரிந்தன, கூடவே நானும். திருப்பி நிறுத்தினோம். திருப்பியும் சரிந்தன.

"மண்குதிரைய நம்பி ஆத்துல எறங்குன கதைதான்" என்றாள் அவள். கீழே மாடிப்படியில் வேறு யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. "இருங்க, வந்துடறேன்."

"நகருங்க மாமா" என்றான் மச்சான். எனக்குப் பின்னால் வந்து, முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தான். தலையணையைத் தன் தோளுக்கும் பிடரிக்கும் இடையில் செருகிக்கொண்டான். "இப்ப தலைய வைங்க."

"நீ எப்படித் தூங்குவ?"

"மோட்டார் ரூம்ல நின்னுக்கிட்டே தூங்குனவன் நான். சூப்பர்வைசர் பேசிக்கிட்டே இருந்தாரு, நான் தலையாட்டிக்கிட்டே தூங்கினேன்."

"எல்லா ராத்திரியும் இப்படியேவா?"

"மொத ராத்திரியப் பாப்போம்."

தலையைப் பின்னால் விட்டேன். இந்தத் தடவை கழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தளர்த்தினேன். தலையணை மெல்ல அமுங்கி நின்றது. அவன் முதுகு அகலமில்லை. அந்தக் குடும்பத்தில் எல்லோருக்குமே குறுகிய முதுகு. ஆனால் அசையவில்லை.

கண்ணை மூடினேன். வெளியே யாரோ காலணி அளவு கேட்டார்கள். அட்டைப் பெட்டிகள் திறந்து மூடின. தூக்கம் வரவில்லை. பக்கத்தில்கூட வரவில்லை.

"மாமா" என்றான் கொஞ்ச நேரம் கழித்து.

நான் பதில் சொல்லவில்லை.

"தூங்கிட்டீங்களா?"

இல்லை என்று சொன்னால் வேறு வழி தேடுவான். வேறு பை, வேறு தலையணை, வேறு யோசனை. கடைசியில் வேண்டாம் மாமா, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பான். மூச்சை நீட்டி, சீராக விட்டேன். தூங்குகிறவன் மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து அவள் மூச்சைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் காத்திருந்தான். பிறகு அவன் முதுகு நடுங்கத் தொடங்கியது.

சத்தமே இல்லை. தலையணையில் இருந்த காற்று வழியாக அந்த நடுக்கம் என் தலைக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் அவன் அழவில்லை. வண்டி பிடித்தவன், சொந்தக்காரர்களுக்குப் போன் செய்தவன், எனக்குச் சட்டை மாற்றிவிட்டவன் எல்லாம் அவன்தான். அதற்குப் பிறகும் நான் பார்க்க ஒரு நாளும் அழுததில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஜோக்கோடுதான் வருவான்.

திரும்பி அவன் தோளைத் தொட வேண்டும் என்று இருந்தது. தொட்டால் நிறுத்திவிடுவான். மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறேதாவது சொல்லிச் சிரிப்பான். நான் கண்ணைத் திறக்கவில்லை. இழுத்த மூச்சை அதே அளவில் விட்டேன். அழுகிற நேரத்திலும் அவன் முதுகை நிமிர்த்தியே வைத்திருந்தான், என் தலை சரியாமல்.

காலடிச் சத்தம் கூடாரத்தருகே வந்தது. முட்டி வலியோடு நடக்கிற, ஒரு கால் அழுத்தமான சத்தம்.

"என்ன தம்பி, முடிவு பண்ணியாச்சா? எது எடுக்குறீங்க?"

அவன் தொண்டையைச் செருமினான்.

"இதயே குடுங்க" என்றான். "மெதுவாப் பேசுங்க. தூங்குறாரு."