வரப்புக்கு இரண்டு பக்கம்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் மாமியார். இருவருமே தொல்லியல்காரர்கள். ஒரே மேட்டில் அடுத்தடுத்த இரண்டு குழிகளுக்குப் பொறுப்பாளர்கள். தெற்குக் குழி அப்பாவுடையது, வடக்குக் குழி அத்தையுடையது. நடுவில் தோண்டாமல் விட்ட மண்சுவர் ஒன்று நிற்கும். எங்கள் வேலையில் அதற்கு வரப்பு என்று பெயர். எந்த அடுக்கு மண்ணுக்கு மேல் எந்த அடுக்கு வந்தது என்று நாளை யாராவது கேட்டால் காட்டுவதற்கு அதுதான் சாட்சி. ஆகவே, இரண்டு பொறுப்பாளர்களும் சேர்ந்து கேட்டால் ஒழிய அதில் யாரும் கை வைக்கக் கூடாது. இவர்கள் இருவரும் சேர்ந்து கேட்ட ஒரே காரியம் என் கல்யாணம்தான். அதற்கப்புறம் வரப்புக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று பேசிக்கொள்கிறார்கள். பேசிக்கொள்கிறார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

மேடு ஒரு பழைய பேரரசின் எல்லையோர ஊர். அந்தப் பேரரசு அப்பாவின் தலையில் இன்னும் நல்லபடியாக நடந்துகொண்டிருக்கிறது. அவருக்கு ஒரு செங்கல் கிடைத்தால் போதும், கோட்டையே கட்டிவிடுவார். அத்தை நேர் எதிர். தங்கத் தட்டு கிடைத்தாலும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது என்பார்.

“சம்பந்தியம்மா, இது ஆளுநர் மாளிகை. சுவரோட கனத்தப் பாருங்க.”

“மாடு முட்டினா விழக்கூடாதுன்னு கனமாக் கட்டியிருப்பாங்க, சம்பந்தி.”

“நீங்க சொல்றது தப்பு!”

“நீங்க மட்டும் சரியாக்கும்?”

இது தினமும் முதல் டீக்கு முன்னாலேயே தொடங்கிவிடும். கூலிக்கு வந்தவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். நான் பார்க்க மாட்டேன். எனக்குக் கொட்டகையில் ஓடு கழுவுகிற வேலை. குழியிலிருந்து வரும் பானை ஓடுகளைக் கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் எந்தக் குழி, எந்த அடுக்கு என்று மையால் பொடி எழுத்தில் எழுத வேண்டும். பிறகு பொருந்துகிற ஓடுகளை ஒட்டிப் பானையாக்கிப் பார்க்க வேண்டும். எழுதி முடிக்கும் வரை ஓட்டுக்கு அடையாளம் அது இருக்கும் தட்டுதான். தட்டு மாறினால் அதன் பூர்வீகம் போச்சு. அப்புறம் அது வெறும் ஓடு.

வேலைப் பருவம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அகழாய்வு இயக்குநர் வந்தார். அடுத்த பருவத்தில் ஒரு குழியைத்தான் தொடர முடியும், மற்றதை மண் போட்டு மூடிவிடுவோம் என்றார்.

“எதுல உருப்படியா ஏதாவது தெரியுதோ, அதத் தொடருவோம். வாரக் கடைசியில வந்து சொல்றேன்.”

அத்தைக்கு இந்தக் குழி போனால் இன்னொரு குழி. இன்னும் பணியில் இருப்பவர். அப்பா அப்படியில்லை. அவர் ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு அந்த வீட்டில் டிவியைப் போட்டுவிட்டு, சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்திருப்பார். நான் போன் செய்தால், “சாப்பிட்டேன்மா” என்பார். நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். அதனால் சாப்பிடவில்லை என்று தெரியும். பழைய அனுபவஸ்தர் என்று இயக்குநர் இந்த மேட்டுக்குக் கூப்பிட்டதிலிருந்துதான் மனிதர் சீட்டியடிக்கிறார். தெற்குக் குழியை மூடினால் அவர் திரும்பவும் அந்த ஊமை டிவிக்கு முன்னால் போய் உட்கார வேண்டியதுதான். எனக்குப் பயமாக இருந்தது. மாமியார் குழியை மூடச் சொல்லவும் எனக்கு வாய் வராது. அவரும் என்னைப் பெற்ற மகளைப் போலத்தான் திட்டுகிறார்.

மறுநாள் காலை, இரண்டு குழித் தட்டுகளையும் கழுவிக் காயவைத்துவிட்டு மை வாங்கிவரக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வந்தால் கொட்டகை வாசலில் என் கணவர். அவர்தான் அகழாய்வுக்குப் போட்டோ எடுப்பவர். முகத்தில் அப்படியொரு பெருமை.

“கண்ண மூடிட்டு உள்ள வா.”

இவர் இப்படிச் சொன்ன போதெல்லாம் ஏதாவது உடைந்திருக்கும்.

பெரிய மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அத்தனை ஓட்டையும் நிறவாரியாக அடுக்கியிருந்தார். கரியது முதல் வெளுத்தது வரை, இடைவெளி பிசகாமல். பார்க்க அவ்வளவு அழகு. இரண்டு தட்டும் காலி.

“எந்த ஓடு எந்தத் தட்டுல இருந்துச்சு?”

“அதான் ரெண்டு தட்டுலயும் இருந்துச்சே.”

“ஐயோ, எது எதுல?”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்த வேலையில் இத்தனை வருடம் ஊறிய மனிதர். படம் என்று வந்துவிட்டால் மட்டும் புத்தி லென்ஸோடு போய்விடும்.

“அம்மா கொன்னுடுவாங்க” என்றார்.

“அப்பா மிச்சத்தக் கொல்லுவாரு” என்றேன்.

தலையில் கை வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். நிறவாரியாக அடுக்கியதில், ஒரே சூளையில் ஒரே சூட்டில் வெந்த ஓடுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தன. செம்பழுப்பு ஓடு ஒன்றை எடுத்து அடுத்ததோடு வைத்தேன். உடைந்த விளிம்பு பல்லோடு பல் சேர்ந்தது. அதற்கடுத்ததும் சேர்ந்தது. டீ ஆறிப்போவதற்குள் கழுத்தும் தோளுமாக ஒரு பெரிய தண்ணீர்ப் பானையில் பாதி நின்றுவிட்டது. வயிற்றுப் பக்கம் மட்டும் இல்லை.

கருப்புப் பட்டை போட்ட ஓட்டை நான் அப்பாவின் தட்டில் கழுவியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. மூக்கு உடைந்த ஓட்டை அத்தையின் தட்டில் கழுவினேன். இரண்டும் இப்போது ஒரே பானையில். அப்படியென்றால் இரண்டு குழியும் ஒரே வீடு! ஒரு குழியை மூடினால் பாதி வீட்டை மூடியதாகும். எதையும் மூட வேண்டாம்!

சந்தோஷத்தில் கணவரைக் கட்டிக்கொள்ளப் போனேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். எனக்கு நினைவிருக்கிறது என்பதை யார் அத்தாட்சியாக எடுத்துக்கொள்வார்கள்? அதுவும் இரண்டு தரப்புக்கும் உறவுக்காரி சொன்னால்?

அப்படியேதான் ஆயிற்று. மத்தியானச் சாப்பாட்டு மேசையில் பானையை வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

“முழுக்க என் குழிப் பானை” என்றார் அப்பா. “இந்த மாதிரிக் கழுத்து மாளிகையிலதான் இருக்கும்.”

“உங்க ஓட்டோட என் ஓட்டக் கலந்ததே என் புள்ளைதானே” என்றார் அத்தை. “இது என் குழி ஓடு. மாட்டுக்கு ஊத்தற பானை.”

“அத்தை, ரெண்டு குழியும் ஒரே வீடுன்னு சொல்றேன்.”

“உனக்கு ரெண்டு பேரும் வேணும். அதனால உனக்கு ஒரே வீடாத் தெரியுது.”

அது உண்மையாக இருந்ததால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து அந்த வரப்பப் பிரிச்சுப் பாருங்க. அதுவரைக்கும் எந்தக் குழி ஓட்டையும் நான் கழுவறதா இல்ல.”

“வரப்பையா?” என்றார்கள் இருவரும், ஒரே குரலில். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான்.

நான் சொன்னதைச் செய்தேன். கொட்டகை வாசலில் நாற்காலியைப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன். தட்டுகள் வந்து குவிந்தன. அப்பா வந்து கெஞ்சினார், அத்தை வந்து அதட்டினார். பிறகு அப்பா அதட்டினார், அத்தை கெஞ்சினார். முயலுக்கு மூன்றே கால் என்று நான் நின்றேன். இந்தப் பிடிவாதம் அப்பா கொடுத்த சீதனம், அதற்குச் சாணை பிடித்தது அத்தை.

கடைசியில் இயக்குநருக்குச் சேர்ந்து போன் செய்தார்கள். சம்பந்தி சொல்வது பொய் என்று காட்டத்தான் வரப்பைப் பிரிக்கிறோம் என்று ஆளுக்கொரு முறை சொன்னார்கள். அவர் எப்படியோ அனுமதி கொடுத்தார்.

முதலில் வரப்பின் இரண்டு முகத்தையும் படம் எடுத்து வரைந்துகொண்டோம். பிறகு மேலிருந்து அடுக்கடுக்காக இறக்கினோம். அப்பா ஒரு முனையில், அத்தை மறுமுனையில். கூலியாட்கள் யாரையும் தொட விடவில்லை. அப்பா கரணையால் பரபரவென்று சுரண்டுவார். அத்தை ஒரு கை மண்ணைச் சுரண்டி நாலு தடவை துடைப்பத்தால் தள்ளுவார்.

“இப்படித் தடவினா அடுத்த பேரரசு வந்துடும்” என்பார் அப்பா.

“நீங்க சுரண்டற வேகத்துல இந்தப் பேரரசே போயிடும்” என்பார் அத்தை.

வாரக் கடைசியில், இயக்குநர் வரவேண்டிய அன்று காலை, இரண்டு கரணையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ‘ணங்’ என்றன. நடுவில் ஒரு கல். இருவரும் குனிந்து மண்ணை எடுத்தார்கள். அகலமான பாவுகல். ஒரு பக்கம் அப்பாவின் சுவர் வந்து முடிந்தது, மறுபக்கம் அத்தையின் சுவர். கல்லின் ஓரத்தில் கதவு சுழன்ற குழி. நடுவில், கால் பட்டுப் பட்டு, உள்ளங்கை அளவுக்குக் குழிந்து வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

அது வாசற்படி. வடக்கு அறையிலிருந்து தெற்கு அறைக்குப் போகிற வழி. மாளிகையும் இல்லை, மாட்டுக்கொட்டகையும் இல்லை. ஒரு வீடு, அதில் நிறைய நடை.

படியை ஒட்டிச் செம்பழுப்பு ஓடுகள் கிடந்தன. என் பானையின் வயிறு! யாரோ தண்ணீரோடு வந்து படியில் தடுக்கிப் போட்டிருக்கிறார்கள். ஓடு இரண்டு அறைக்கும் தெறித்திருக்கிறது.

“ஆளுநரோட வேலைக்காரி போட்டிருப்பா” என்றார் அப்பா, குரல் இறங்கி.

“மாடு தட்டிவிட்டிருக்கும்” என்றார் அத்தை, அதைவிடச் சன்னமாக.

இருவரும் மாறி மாறி அந்தக் குழிவைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் படமே எடுக்காமல் நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

இயக்குநர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எல்லோருக்கும் கை கொடுத்தார்.

“அருமை. ஒரே வீடு, அப்ப ஒரே குழியாத் தொடரலாம். எதையும் மூட வேண்டாம்.” பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒரே குழின்னா ஒரு பொறுப்பாளர்தான். அம்மா பணியில இருக்காங்க. ஐயா தப்பா நினைக்கக் கூடாது.”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பது இதுதான். அதுவும் நான் அடம் பிடித்து வெட்ட வைத்த கிணறு. குழியைக் காப்பாற்றுகிறேன் என்று அப்பாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

“இதுல என்ன இருக்கு, சார். எனக்கும் வயசாகுது” என்றார் அப்பா. கரணையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்ததுதான். “சாமானெல்லாம் சாயங்காலம் கட்டிக்கறேன்.”

அத்தை படியிலிருந்து எழுந்தார்.

“சார், ஒரு நிமிஷம். இந்தப் பருவம் முழுக்க நான் இதக் கொட்டகைன்னுதான் சொன்னேன். என் ஆளுங்க யாராவது இல்லன்னாங்களா? சொல்ல மாட்டாங்க. நான் சுவர்னா சுவர், நான் சாணின்னா சாணி. இந்த மனுஷர் ஒருத்தர்தான் தினம் காலங்காத்தால தப்புன்னு கத்தினாரு. அவர் சொன்னதும் தப்புதான், அது வேற. ஆனா அவர் கத்தலன்னா நான் எதையும் ரெண்டாவது தடவ பார்த்திருக்க மாட்டேன். சரிங்க மேடம்னு சொல்ல எனக்கு நிறையப் பேர் இருக்காங்க. தப்புங்கன்னு சொல்ல இவர விட்டா ஆளில்ல. இவர் இல்லாத குழியில நான் இறங்க மாட்டேன்.”

இயக்குநர் அத்தையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், ஏனோ என்னையும் பார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“சரி, ரெண்டு பேரும் இருங்க” என்றார்.

அப்பா கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சம்பந்தியம்மா, நீங்க இப்ப பேசினதுல ரெண்டு எடம் தப்பு.”

“சொல்லுங்க” என்று அத்தை அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.