சிவப்புப் புள்ளி வைத்த கடை

அக்கா வாரம் ஒரு பொய் சொல்வாள். முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் சொல்வதால் அது பாவக் கணக்கில் சேராது என்பது அவள் கட்சி.

வெள்ளிக்கிழமைதோறும் மூவாயிரம் பேருடைய மின்னஞ்சலில் போய் விழும் அவள் கடிதத்துக்கு 'வெள்ளி மூட்டை' என்று பெயர். உள்ளே நான்கு சமாச்சாரம். இணையத்தில் அந்த வாரம் எதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஆடினார்கள் என்பது ஒன்று. படித்தது ஒன்று. பக்கத்தில் போய் வர ஓர் இடம். உடுத்திக்கொள்ள ஒரு கண்டெடுப்பு. இதில் எங்கேயோ ஒரு பொய் ஒளிந்திருக்கும். இல்லாத கடையாக இருக்கும், அல்லது யாரும் எழுதாத புத்தகமாக இருக்கும். முதலில் கண்டுபிடித்துச் சொல்கிறவர் பெயர் அடுத்த வாரம் வரும். அவ்வளவுதான் பரிசு, அதற்கே அடித்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் பெரும்பாலும் முந்திக்கொள்வார். மனுஷனுக்கு வேறு வேலையே இல்லையா என்று அக்கா சிரிப்பாள்.

அந்த அக்கா போய் எட்டு மாதமாகிறது. திங்கட்கிழமை காய்ச்சல் என்று படுத்தவள் வியாழக்கிழமை இல்லை.

தங்கை கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். விஷயத்தை வாசகர்களுக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் அக்காவின் மடிக்கணினியைத் திறந்தாள். அந்த வாரக் கடிதம் முக்கால்வாசி எழுதிக் கிடந்தது. தாமதத்துக்கு மன்னிக்கச் சொல்லி மேலே ஒரு வரி சேர்த்தாள், மிச்சத்தை எழுதினாள், அனுப்பியும் விட்டாள். அன்றைக்கே இருபது பதில்கள். 'இந்த வாரம் பிரமாதம்' என்று ஒருத்தி. 'நீங்கள் சொன்ன புத்தகத்தை வாங்கிவிட்டேன்' என்று ஒருவர். எல்லாம் அக்காவுக்கு வந்தவை. அப்படியென்றால் மூவாயிரம் வீட்டில் அக்கா இன்னும் சாகவில்லை. அதை இவள் எந்த வாயால் போய்க் கெடுப்பாள்?

"செத்தவ பேர்ல கடுதாசி போடாதடி, நல்லதில்ல" என்றாள் அம்மா. அக்காவின் அறைக்குள் அம்மா வருவதே இல்லை, வாசலில் நின்றுதான் சொன்னாள்.

அக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு. கால் படாத இடத்தைப் பற்றி எழுதக் கூடாது, கை படாத துணியைப் பற்றி எழுதக் கூடாது. பொய்க்கு மட்டும் விலக்கு. ஆகவே சனிக்கிழமைகளில் தங்கை கிளம்பிவிடுவாள். அக்காவின் பையை மாட்டிக்கொண்டு, அக்காவின் பழுப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு. ஷூ ஒரு அளவு பெரிது, முனையில் பஞ்சு வைத்துக்கொள்வாள். பழைய புத்தகக் கடைக்காரர் தூரத்திலிருந்து பார்த்து, "வாங்க, ரொம்ப நாளாச்சே!" என்று எழுந்திருப்பார். கிட்டே வந்ததும் ஒரு கணம் தடுமாறி உட்கார்ந்துகொள்வார். இவள் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

வாக்கியங்கள் கூட இவள் யோசிக்கும் முன்பே அக்காவின் குரலில் வந்து நின்றன. பழைய துணிக் கடையில் மஞ்சளாக எதைப் பார்த்தாலும் இவள் கை தானாக நீளும், சின்ன வயதிலிருந்தே அப்படி. அக்காவுக்கோ மஞ்சள் ஆகவே ஆகாது. 'மஞ்சள் காமாலைக்குச் சட்டை தைத்தது போல' என்று கடிதத்திலேயே எழுதியவள். இவள் கை துணியைத் தொடும்போது காதுக்குப் பக்கத்தில் "ம்ஹும்" என்று ஒரு சத்தம் வரும். நிஜமாகவே கேட்கும். கழுத்து சில்லிட்டுப்போய்க் கையை இழுத்துக்கொள்வாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த "ம்ஹும்" ஒரு நாள் நின்றுவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

எட்டு மாதமாகப் பொய்யை மட்டும் இவளே கற்பனை செய்தாள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே, அது லேசுப்பட்ட காரியமா? சரக்கு தீர்ந்துபோயிற்று. கணக்கு வாத்தியாரும் அக்கா போனதிலிருந்து எழுதுவதை நிறுத்தியிருந்தார். பொய்களின் தரம் குறைந்துவிட்டது என்று இவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அக்காவின் குறிப்பு நோட்டில் சிவப்புப் புள்ளிகள் கண்ணில் பட்டன. எழுத வேண்டியவை என்று அக்கா பக்கம் பக்கமாகக் குறித்து வைத்திருந்ததில் பதினொன்றுக்கு மட்டும் ஓரத்தில் சிவப்புப் புள்ளி. முதல் புள்ளி ஒரு பூட்டுக் கண்காட்சி. இணையத்தில் தேடினாள், இல்லை. இரண்டாவது ஒரு படகுத்துறை நூலகம். அதுவும் இல்லை. ஆகா, பொய்களை இங்கேதான் சேர்த்து வைத்திருக்கிறாள் கள்ளி என்று எண்ணிக்கொண்டாள். மூன்றாவது புள்ளியை எடுத்து அப்படியே போட்டாள். 'பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சாவி செய்பவருக்கு மேல்மாடியில், பெயர்ப்பலகை இல்லாத தையல் கடை. அங்கே இருக்கும் அம்மாள் ஆளைப் பார்க்காமலே துல்லியமாகத் தைப்பார்.' இதைவிடப் பச்சைப் பொய் உண்டா?

சனிக்கிழமை மத்தியானம் கணக்கு வாத்தியாரிடமிருந்து பதில் வந்தது. எட்டு மாதத்தில் முதல் பதில்.

'அம்மா, இந்த வாரம் பொய்யே இல்லையே. தையல் கடை இருக்கிறது. இன்று காலை படியேறிப் போய்ப் பார்த்தேன். கடிதத்தைக் காட்டியதும், "அந்தப் பொண்ணா? அவ கொடுத்த கோட்டு தைச்சு ரொம்ப நாளாச்சு, வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மாள். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.'

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இல்லாத கடையில், இல்லாத அக்கா, தைக்கக் கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த அறைப் பக்கமே போகவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை. திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் கிளம்பினாள்.

சாவி செய்பவர் இருந்தார். பக்கத்தில் ஒடுங்கின மாடிப்படி இருந்தது. மேலே ஒரே அறை, ஒரு தையல் இயந்திரம், ஆளுயரக் கண்ணாடி ஒன்று. வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு குனிந்து தைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிரவே இல்லை. தரையில் வந்து நின்ற ஷூவைத்தான் பார்த்தாள்.

"ஷூ தெரிஞ்ச ஷூ," என்றாள் ஊசியை எடுத்துவிட்டு. "கால்தான் வேற."

அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். "தங்கச்சியா நீ?"

இவள் தலையாட்டினாள்.

"அப்பவே கூட்டிட்டு வரேன்னு சொன்னாளே. உன்கூடச் சேர்ந்து போகவேண்டிய இடம்னு ஒரு பட்டியல் வச்சிருக்காளாம். சிவப்புல புள்ளி வச்சிருக்கேன், உங்க கடையும் அதுல ஒண்ணுன்னா. எங்க கூப்பிட்டாலும் கடைல வேலைன்னு மழுப்புறியாம் நீ." எழுந்து போய்ப் பின்னாலிருந்த கொக்கியிலிருந்து ஒரு கோட்டை எடுத்துவந்தாள். "எங்கயோ பழைய துணில கண்டெடுத்தாளாம். பிரிச்சு உனக்குத் தைக்கச் சொன்னா. அளவுக்கு ஆளக் கூட்டிட்டு வாடின்னேன். கேட்டாளா? என் தோளைவிட ரெண்டு விரக்கடை கம்மி, நாள் பூரா குனிஞ்சே வேலை பாக்குறதால இடது தோள் சித்த இறங்கியிருக்கும்னு ஒண்ணு விடாம ஒப்பிச்சா."

கோட்டு மஞ்சள். சும்மா மஞ்சள் இல்லை, கண்ணைப் பறிக்கிற மஞ்சள்.

"எனக்கு இந்தக் கலரைக் கண்டாலே ஆகாது, அவளுக்கு உசிருன்னா. சரி, அவ எங்க? கீழ நிக்கிறாளா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். எட்டு மாதமாக மூவாயிரம் பேருக்குச் சொன்னதுதானே, கூட ஒருத்தி. இவள் வாயைத் திறந்தாள்.

"அக்கா இறந்துட்டாங்க."

வாய்விட்டு அதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. அந்த அம்மாள் கோட்டை உதறி இவள் பின்னால் வந்து பிடித்தாள், இவள் கையை நுழைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. இடது தோள் கூட.

கண்ணாடியில் மஞ்சள் கோட்டில் ஒருத்தி நின்றாள். அக்காவின் சாயல் கொஞ்சமும் இல்லை. காதுக்குப் பக்கத்தில் "ம்ஹும்" வரும் என்று காத்திருந்தாள். கீழே சாவியை அராவுகிற சத்தம் கேட்டது, தெருவில் பேருந்து ஒன்று கிளம்பியது. "ம்ஹும்" வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். அப்புறம் அந்த அறையில், முன்பின் தெரியாத அம்மாளின் முன்னால், தேம்பித் தேம்பி அழுதாள். அக்கா செத்துப்போனாள் என்று அன்றைக்குத்தான் அழுதாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் மூட்டை போயிற்று. இணையத்தில் எல்லோரும் தத்தம் செருப்பு அலமாரியைப் படமெடுத்துப் போட்ட கூத்து, பாதியில் வைத்துவிட்ட ஒரு நாவல், பெயர்ப்பலகை இல்லாத தையல் கடை, ஒரு மஞ்சள் கோட்டு. நான்கும் உண்மை. கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: 'இந்த வாரம் பொய் இல்லை. எட்டு மாதமாக ஒரே பொய்தான். கடிதத்தின் அடியில் இருந்த பெயர். அக்கா எட்டு மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை இறந்துபோனாள். எழுதியது நான், அவள் தங்கை.'

அனுப்பிவிட்டு மேசையிலேயே தலைசாய்த்து உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்ற அம்மா முதல் தடவையாக உள்ளே வந்து, கோட்டின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல துணி" என்றாள்.

முதல் பதில் கணக்கு வாத்தியாருடையது.

'அம்மா, முதல் வாரமே தெரியும். கடிதத்தின் தொடக்கத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். உங்கள் அக்கா யாரிடமும் அதைக் கேட்டதில்லை. கண்டுபிடித்ததைச் சொன்னால் நிறுத்திவிடுவீர்களோ என்று எழுதவில்லை. எனக்கும் அவர் இருக்க வேண்டியிருந்தது.'