அக்காவுக்கு ஓர் ஆணி

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு வாடகை வீட்டைக் காலி செய்ய அண்ணனும் தங்கையும் வந்திருந்தார்கள். பாத்திரம், கட்டில், பீரோ எதற்கும் சண்டை வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த படங்களுக்குத்தான் வந்தது.

"எல்லாத்தையும் போன்ல எடுத்துக்கலாம். சட்டத்தைப் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடலாம்" என்றான் அண்ணன். "என் வீட்டுல சட்டை மாட்டவே ஒரு ஆணிதான் இருக்கு. உன் ஹாஸ்டல்ல அதுவும் அடிக்க விட மாட்டாங்க."

"அக்கா படத்துல மட்டும் கை வச்சே, அப்புறம் தெரியும்."

"சரிங்க, டிகிரி மேடம்."

அந்தக் குடும்பத்தின் முதல் டிகிரி அவளுடையது. பத்தாவதோடு புத்தகத்தை மூட்டை கட்டிவிட்டுத் தையல் கம்பெனிக்குப் போன அக்காவின் சம்பளத்தில் வந்தது. தியாகம் என்று சொந்தக்காரர்கள் உருகும்போதெல்லாம் தங்கைக்குப் பற்றிக்கொண்டு வரும். தியாகமாவது மண்ணாவது. அக்காவை யாரும் கேட்கவில்லை. போகச் சொன்னார்கள், போனாள். ஒரு காய்ச்சலில் மொத்தமாகவே போய்விட்டாள்.

தங்கை பட்டம் வாங்கிய படம் நாலு கோணத்தில் சுவரில் தொங்கியது. அக்காவுக்கு இருந்தது ஒன்றே ஒன்று. கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்ததை அம்மா பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தாள். எடுத்த ஸ்டுடியோவையே இப்போது காணோம்.

தங்கை அதைப் போனில் எடுத்துப் பார்த்தாள். சரியாக முகத்தின்மேல் டியூப்லைட் வெளிச்சம். வெறுத்துப்போய்ப் பாத்திரம் கட்ட உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டம் பிரிந்து கிடந்தது. அவன் கையிலிருந்த படத்தில் பின்னல் இருந்தது, தோள் இருந்தது. முகம் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

"வெளிச்சம் அடிக்குதேன்னுதான் கழட்டினேன்" என்றான். "மெதுவாத்தான் உரிச்சேன் பாப்பா. கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு."

இத்தனை வருஷம் சுவரில் ஊறிய ஈரம்.

அவள் கண்ணாடியைக் கையில் எடுத்தாள். "உயிரோட இருந்தப்பவே உங்க யார் கண்ணுக்கும் அவ மூஞ்சி தெரியல. இப்ப இதுவும் போச்சு."

"திட்டு. நல்லாத் திட்டு. கண்ணாடியைக் கீழ வச்சுட்டுத் திட்டு, கையைக் கிழிச்சுடும்."

அவள் வைக்கவில்லை. தூக்கிப் பிடித்தாள். அக்காவின் முகம் கண்ணாடியில் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. பின்னால் சுவரின் பச்சைதான் தெரிந்தது, கண் தெரியவில்லை.

"பின்னாடி வெள்ளையா ஏதாச்சும் வை" என்றாள்.

அண்ணன் துழாவினான். கைக்குக் கிடைத்தது, சட்டத்திலிருந்து கழற்றிப் போட்டிருந்த அவள் பட்டம் வாங்கிய படம். ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தான்.

"திருப்பி வை" என்றாள்.

அதன் வெற்று முதுகு பின்னால் வந்ததும் ஒரு கண், மூக்கு, பாதி உதடு தெளிந்து வந்தன. இன்னொரு கண் இல்லை. அது வரவே போவதில்லை.

"போதுமா?"

"போதாது."

கரண்டிக் காம்பால் சட்டத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாக அழுத்தினான். கறுப்புப் பட்டமளிப்பு அங்கி போட்டவள் உள்ளே பின்னட்டையைப் பார்த்தபடி அடைபட்டாள்.

"வீட்டுல சட்டையை மடிச்சு வச்சுக்கறேன்" என்றான் அண்ணன், தலை நிமிராமல்.

அவள் அம்மாவின் புடவை ஒன்றை உருவி, படத்தைச் சுற்றத் தொடங்கினாள்.