மதகு திறக்காத கதை

1

இந்தக் கதை ஓர் அலுவலகத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெல்வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனைக் குறைக்கும் திட்டத்துக்குச் சிறு புத்தகம் போடுகிறார்களாம். வெற்றிபெற்ற விவசாயி ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் வேண்டும் என்றார் அதிகாரி. அட்டைப்படத்தையும் காட்டினார். பாளம் பாளமாக வெடித்த வயல், நடுவில் துளை போட்ட குழாய், பக்கத்தில் ஒரு பெண். அவள் என் அண்ணி.

2

முதல் தொடக்கம்: பொன்னிறக் காலையில் வயல் மெல்ல மூச்சு விட்

(சீ. எழுதிய கையைக் கழுவ வேண்டும்.)

நேராகவே சொல்கிறேன். வயலில் எந்நேரமும் தண்ணீர் நின்றால் மண்ணுக்குக் காற்று கிடைக்காது. அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை விடும், பூமி இன்னும் சூடாகும். இடையிடையே காயவிட்டால் அது குறையும். மண்ணில் புதைத்த அந்தத் துளைக் குழாய்க்குள் எட்டிப் பார்த்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே அரை அடி இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கும் நேரத்தில் மட்டும் காயவிடவே கூடாது. முறையில் தப்பே இல்லை. அண்ணி அதை நம்பினாள், நானும் நம்புகிறேன். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

3

வாய்க்கால் தண்ணீர் எங்கள் வயலுக்குப் பாயும் முறை வந்த அன்று குழாயில் தண்ணீர் தெரிந்ததால், அண்ணி இப்போது வேண்டாம் என்றாள். மட்டம் இறங்கியதும் மதகுக்காரரிடம் போய் நின்றாள். முறையை விட்டவர்களுக்கு அடுத்த சுற்றில்தான், அதற்குப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார் அவர்.

(இவரை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். பாவம், மேலிடத்துக் கையெழுத்து இல்லாமல் அவர் மதகுச் சக்கரத்தைத் தொட முடியாது.)

குழாய் கொடுத்த அலுவலகம் கீழ்த்தளம். மதகை வைத்திருக்கும் அலுவலகம் அதே கட்டடத்தில் மேல்தளம். நடுவில் பதினான்கு படி. அதை ஏற ஒருத்தனுக்கும் கால் வரவில்லை.

அண்ணி மதகுக்காரரிடம் கேட்ட மூன்றாம் நாள் கதிர் பூத்தது. ஐந்தாம் நாள் படமெடுக்க வந்தவர்கள் வெடிப்பைப் பார்த்து அசந்துபோனார்கள். அண்ணி தண்ணீர் கேட்டாள். கொஞ்சம் சிரிங்க என்றார்கள்.

4

முடிவுகள்.

அ) மதகு திறக்கிறது. தண்ணீர் ஓடி வந்து அண்ணியின் காலை

ஆ) அதிகாரி மன்னிப்புக் கேட்கிறார். (நீங்களே நம்பமாட்டீர்கள்.)

இ) அண்ணி குழாயைப் பிடுங்கி எறிகிறாள்.

மூன்றையும் போனில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிதான் எனக்குப் பிடித்தது.

"குழாய் என்ன பண்ணுச்சு? அது ஒண்ணுதான் உண்மையைச் சொல்லுச்சு" என்றாள். பிறகு, "கதையில எனக்குத் தண்ணி விட்டுடாதீங்க தம்பி. விட்டா, படிக்கிறவங்க நிம்மதியா மூடி வெச்சிட்டுப் போயிடுவாங்க."

5

விடவில்லை.

இன்று ஏழாம் நாள். பாதிக் கதிர் பதராகிவிட்டது. மீதியை நாளைக்குள் தண்ணீர் வந்தால் காப்பாற்றலாம் என்கிறாள். சிரித்த முகத்துக்குப் பதில் இந்தப் பக்கங்களையே கொடுத்துவிட்டேன், இரண்டு தளத்துக்கும் ஒவ்வொரு பிரதி.

நீங்கள் எந்தத் தளத்தில் உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. முடிவை எழுத வேண்டியது நீங்கள்தான். பேனா வேண்டாம், எழுந்து அந்தப் பதினான்கு படியை ஏறுங்கள், இல்லை இறங்குங்கள்.