நாலு பதினொன்று

என் அண்ணன் வாயைத் திறந்தால் புளுகு. இது எனக்கு ஒரு வருஷம் தாமதமாகத்தான் தெரிந்தது.

சுழலும் இடிமேகங்களைத் துரத்திப் போய்ப் படமெடுப்பதுதான் அவனுக்குப் பிழைப்பும் பைத்தியமும். அவன் காரில் அலைவான். நான் பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, ரேடாரைப் பார்த்து எந்த ரோட்டில் போவது என்று போனில் சொல்வேன். ரேடார் படம் வந்து சேரப் பத்து நிமிடம் பிந்தும். மேகம் சட்டென்று திசை மாறினால் அங்கே நிற்பவன் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். அதனால் ஒரே ஒரு ஒப்பந்தம்: என் புருஷனின் நாற்றுப் பண்ணைப் பக்கம் திரும்பினால், கேமராவைத் தொடுவதற்கு முன் அவருக்குப் போன் போட வேண்டும்.

போன வருஷம் திரும்பியது. ஏணி வைத்து ஏறிக் கயிறு கட்டிக்கொண்டிருந்த நாற்றுக் கூடாரம் சரிந்து அவருடைய இடுப்பெலும்பு நொறுங்கியது. கீழே கிடந்தவரின் பையில் அப்போதுதான் போன் அடித்திருக்கிறது. மணி நாலு பத்தொன்பது. எனக்கு அது மனப்பாடம்.

"பார்த்த உடனே கூப்பிட்டேம்மா" என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் நம்பித் தொலைத்தேன். என் புருஷன் எனக்கு ஒரு படி மேலே. "மச்சான் பாவம், என்ன பண்ணுவாரு, விடு" என்பார்.

அன்று அவன் எடுத்த மேகப் படத்துக்குப் பரிசு கிடைத்து, கண்காட்சியில் வைத்தார்கள். நீங்கள் வராமல் எப்படி என்று அண்ணன் கெஞ்சினான். லிஃப்ட் ஓடவில்லை. இவர் ஊன்றுகோலோடு இரண்டு மாடி ஏறினார்.

சுவர் அகலத்துக்குப் படம். கவிழ்த்த அண்டா மாதிரி மேகம். கீழ் மூலையில், கூடாரத்தின் மேல் ஒரு நீலப் புள்ளி. அன்று காலையில் நான் இவருக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை அது. படத்துக்குக் கீழே பித்தளைத் தகட்டில் தேதியும் நேரமும். நாலு பதினொன்று.

எட்டு நிமிடம். ஏணியில் இறங்க அரை நிமிடம் போதும்.

அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். "அந்த ஆள் இல்லேன்னா மேகம் எவ்வளவு பெருசுன்னே தெரியாது மேடம். நகர்ந்துடுவாரோன்னு எனக்கு ஒரே பதட்டம். இருபத்தேழு படம் எடுத்தேன்."

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. "அந்த ஆள் உன் பின்னாடிதான் நிக்கிறாரு. திரும்பிப் பாரு."

திரும்பினான். முகத்தில் ஈயாடவில்லை. "இல்ல, அது வந்து... பார்த்த உடனேதான்..."

"வெக்கமா இல்ல உனக்கு? தகட்டுல நேரத்தை யாரு எழுதச் சொன்னது? நீதானே?"

இவர் வழக்கம்போல விடு என்று சொல்வார், சொன்னால் இவரையும் ஒரு வழி பண்ணிவிடுவது என்று நினைத்தேன். இவர் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு பதினொண்ணுக்கு நான் கடைசிக் கயிறைக் கட்டிட்டிருந்தேன்" என்றார். "வா, போகலாம்."

ஒவ்வொரு படியாக இறங்கினோம். முதல் மாடியைத் தாண்டுவதற்குள் அவர் பையில் போன் அடித்தது. இந்த முறை உடனே கூப்பிட்டிருந்தான்.