அறுபத்திரண்டில் எழாத மேடு

அறுபத்திரண்டு டிகிரி வந்ததும் திரையில் ஓடும் கோடு மேடாக எழ வேண்டும். எழாவிட்டால் ஜெனரேட்டர் ஆபரேட்டர் கோவிந்தப்பனுக்கு வேலை போய்விடும். வெப்பம் அளக்கும் கலோரிமீட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த டெல்சி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. தப்பு அவளுடையது.

மூக்கண்டப்பள்ளியில் என்சைம் சோதிக்கிற சின்னக் கம்பெனி அது. நல்ல என்சைமை மெல்ல மெல்லச் சூடேற்றினால் ஏதோ ஒரு சூட்டில் கட்டவிழும். அப்போது அது இழுத்துக்கொள்ளும் வெப்பம்தான் அந்த மேடு. முன்பே கெட்டுப்போயிருந்தால் கோடு செத்த பாம்பாகக் கிடக்கும்.

காய்ச்சலில் கிடந்த மகளை மத்திகிரி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நாகம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள் டெல்சி. செல்போனில் சார்ஜ் இல்லை. ஐந்து நிமிஷம்தானே என்று, என்சைம் குப்பிகள் இருந்த ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சார்ஜரைச் செருகியவள், வேலை மும்முரத்தில் மத்தியானம் வரை மறந்தே போனாள். ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் சொட்டியதும் உயிரே போய்விட்டது. போனை அணைத்துப் பைக்குள் அடியில் திணித்தாள், பிளக்கைப் பழையபடி மாட்டினாள்.

தினமும் மின்வெட்டு இருந்த காலம். ஃபிரிட்ஜுக்குள் கைவிட்டுப் பார்த்த மேனேஜர் ஜெகதீஷ், கோவிந்தப்பன் ஜெனரேட்டரை நேரத்துக்குப் போடவில்லை என்று தானே முடிவு கட்டிவிட்டார். சோதனைகளைப் பார்த்துக்கொள்ளும் விஞ்ஞானி சென்னைக்குப் போயிருந்தார். ஜெகதீஷுக்குத் தெரிந்த விஞ்ஞானமெல்லாம் அறுபத்திரண்டில் மேடு, அவ்வளவுதான். அதைப் பார்க்க டெல்சியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

அறுபது. அறுபத்திரண்டு. அறுபத்தைந்து. கோடு அசையவே இல்லை.

ஜெகதீஷ் இன்டர்காமை எடுத்து, கோவிந்தப்பனைக் கணக்கு முடித்து அனுப்பச் சொல்ல ஆரம்பித்தார். டெல்சி திரும்பாமலே சொல்லிவிட்டாள்.

"சார், கரண்ட் போனதால இல்லீங்க. நான்தான் ஃபிரிட்ஜ் பிளக்கப் புடுங்கிட்டு போனுக்குச் சார்ஜ் போட்டேன். பாப்பாவுக்கு ஜொரம். அவர ஒண்ணும் பண்ணாதீங்க."

அவர் இன்டர்காமை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். அவளால் நிமிர முடியவில்லை. திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

கோடு எழுந்தது. எழுபத்தொன்றில் முழு மேடாக நின்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கருவிக்குள் இருப்பது வெறும் என்சைம் இல்லை; நேற்று அவளே மருந்து கலந்து வைத்த குப்பி. மருந்து ஒட்டிக்கொண்ட என்சைம் இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும். எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதுதான் சோதனையே. பயத்தில் அத்தனையும் மறந்துபோயிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒருவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"கெடலீங்க சார்," என்றாள். விரலால் அந்த மேட்டைக் காட்டினாள்.

திட்டுவதா விடுவதா என்று ஜெகதீஷுக்கே புரியவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குதும்மா?"

டெல்சி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மத்தியானத்திலிருந்து போன் அணைந்தே கிடக்கிறது. நாகம்மா எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள்? பைக்குள் கைவிட்டுத் துழாவினாள். போன் கைக்கு வந்தது. அதை உயிர்ப்பிக்கும் பொத்தானை அழுத்த விரல் வரவில்லை.