விசாரிப்பு அண்ணனின் மூச்சு

லிஃப்ட் இல்லாத எங்கள் குடியிருப்பில் மேல்மாடிக்காரருக்கு 'விசாரிப்பு அண்ணன்' என்று பெயர். படியேறும்போது ஒவ்வொரு தளத்திலும் நின்று, "சாப்பாடாச்சா? முட்டிவலி தேவலையா?" என்று கேட்காமல் போகமாட்டார். என் வாசலில் மட்டும் கூடுதலாக நிற்பார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. "என்னோடத எடுத்துக்கட்டும்" என்று மார்தட்டினார் அண்ணன். ரத்தமும் பொருந்தியது. ஆனால், கொடுப்பவரின் இதயம் தாங்குமா என்று பார்க்காமல் கத்தியைத் தொட மாட்டார்களாம். இதய மருத்துவரிடம் மூவருமாகப் போனோம். என்னை யாரும் கூப்பிடவில்லை. சும்மா ஒரு துணைக்கு.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதா?" என்றார் டாக்டரம்மா.

"எனக்கா? தினமும் மூணு மாடி!"

"நிக்காமலா?"

"அதெப்படி டாக்டர்? நாலு பேர விசாரிக்காமப் போனா மனுஷனா?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "இறங்கும்போதும் விசாரிப்பீங்களா?"

அண்ணன் கூரையைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. இறங்கும்போது இந்த மனுஷன் என் வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லையே!

"ஏறும்போது மட்டும்தான் டாக்டர்," என்றாள் மனைவி. "நெஞ்சையும் தடவிக்குவார். கேட்டா, வெறும் வாயுத் தொல்லைன்னுவார்."

"அடியே, கிட்னி உனக்குத்தான்டி வேணும்! வாய மூடேன்."

"கிட்னி வேற எங்கயாவது கிடைக்கும். இப்படி ஒரு புளுகர நான் எங்க போய்த் தேடுறது?"

நெஞ்சில் ஒயர்களை ஒட்டி டிரெட்மில்லில் ஏற்றினார்கள். வேகம் கூடியதுதான் தாமதம், பக்கத்தில் நின்ற நர்ஸிடம், "வீட்ல எல்லாரும் சௌக்கியமாம்மா?" என்று ஆரம்பித்துவிட்டார். உடனே நிறுத்தினார்கள். ஆஞ்சியோவில் அடைப்பு தெரிந்தது. கொடுக்க வந்தவரையே கட்டிலில் படுக்கவைத்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

படுத்தபடியே போன் போட்டு, மனைவியின் அக்காவிடம் அழுதிருக்கிறார். இரவல் போன ஒரு மிக்ஸி திரும்பி வராததால் தங்கையோடு பேச்சை முறித்துக்கொண்டவள் அவள். ஆனாலும் வந்தாள். அதே டிரெட்மில்லில், மூச்சே வாங்காமல், அந்த மிக்ஸி கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டே ஓடினாள்.

மற்ற சோதனைகளும் முடிந்தபின் டாக்டரம்மா சொன்னார்: "உங்க அக்காவுக்கு இதயம் அருமையா இருக்கு. தாராளமா கொடுக்கலாம்."

"நல்லாப் பாத்தீங்களா டாக்டர்? இருக்கா அவளுக்கு?" என்றாள் தங்கை. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

"மொதல்ல கிட்னிய வாங்கிக்கோ," என்றாள் அக்கா. "அப்புறமா வாயாடு."